ரிவர்ஸ் ஹாரன் வைத்த மோட்டார் சைக்கிள்

பின்னால் ஓடத் தெரியாத வண்டிக்கு ரிவர்ஸ் ஹாரன் வைத்த ஒரே மனிதரைக் கடவுள் திண்டுக்கல்லுக்குத்தான் கொடுத்தார். மற்ற ஊர்க்காரர்கள் பொறாமைப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நாங்கள் இருவரும் குடியிருந்த நாகல் நகர்த் தெருவிலும், வேலை பார்த்த வேடசந்தூர் ரோட்டு நூல் மில்லிலும் அவருக்குப் பெயர் 'எக்ஸ்ட்ரா பிட்டிங்'. மில்லில் அவர் எலக்ட்ரீசியன், நான் ஆபீஸ் குமாஸ்தா. ஒன்பது வருடம் அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில்தான் நான் வேலைக்குப் போய் வந்தேன். ஆகவே நான் சொல்வது கண்ணால் கண்டது, முதுகால் பட்டது.

வண்டி வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. மாரியம்மன் கோயில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, டேங்குக்கும் ஹெட்லைட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுப் பூசை செய்தார். வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்பானரை எடுத்தார். சாயங்காலத்துக்குள் சீட், சைலன்சர், ஹெட்லைட், கண்ணாடி, இண்டிகேட்டர், டேங்க் எல்லாம் வாசலில் கிடந்தன. மீட்டரை மட்டும் தொடவில்லை. மீட்டரில் கை வைப்பது பாவம் என்பது அவர் கொள்கை.

அவர் மனைவி, எனக்கு மதினி, நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி வாங்குனீகளா, இல்ல பழைய இரும்பு வாங்குனீகளா?"

"ஒனக்குத் தெரியாது. இது செலவில்ல, சேமிப்பு. விக்கிறப்ப நான் போட்ட ஒவ்வொரு போல்ட்டுக்கும் காசு வரும் பாரு. கழட்டுனதெல்லாம் பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுரு."

"சரி" என்றார் மதினி. அந்த ஒரு சரிக்குள் என்ன இருந்தது என்று எங்கள் இருவருக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சம்பளம் வந்த மாதமெல்லாம் வண்டிக்கு ஏதாவது ஒன்று வந்தது. பெரிய டேங்க், பாம்பு மாதிரி வளைந்த கைப்பிடி, வயிற்றுக்கு அடியில் நீல விளக்கு, குடை செருக ஒரு குழாய், ஓட்டுபவர் முகத்துக்கு ஒரு குட்டி மின்விசிறி. இதெல்லாம் போதாதென்று அந்த ரிவர்ஸ் ஹாரன். வண்டியைக் காலால் தள்ளிப் பின்னுக்கு எடுக்கும்போதெல்லாம் பட்டனை அமுக்குவார். அது பீப் பீப் என்று கத்த, லாரி வருகிறதென்று தெருப்பிள்ளைகள் அவசரமாக ஒதுங்குவார்கள். அவரோ திரும்பிக்கூடப் பார்க்காமல் கம்பீரமாக வருவார்.

சைலன்சருக்குப் பக்கத்தில் டிபன்பாக்ஸ் வைக்க ஒரு கம்பிக்கூடு செய்தார். "மத்தியானம் வரைக்கும் வெஞ்சனம் சூடா இருக்கும் அப்பு" என்றார். இருந்தது. அந்தக் கூட்டில் என் தயிர்சாதமும் இருந்தது. பதினோரு மணிக்கு என் மேஜையில் அது புளித்துப் பொங்கி, மூடி தானாகத் திறந்துகொண்டது. அந்த நாற்றத்தில் என் ஆபீஸே அன்றைக்குச் சீக்கிரம் சாப்பிடப் போய்விட்டது.

ஒரு முறை வேடசந்தூர் பக்கம் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். எந்தக் குற்றத்திலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் இன்னொரு தரமும் நடந்தார். கடைசியில், "இதுல டீ போடலாமா?" என்று கேட்டார்.

"அடுத்த மாசம் சார்" என்றார் எக்ஸ்ட்ரா பிட்டிங், பணிவாக. அபராதச் சீட்டு நீளமாக வந்தது.

எனக்கும் ஒன்று செய்தார். முதுகு வலிக்கிறது என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் பின்சீட்டில் இரும்புச் சட்டம் அடித்து, தேங்காய்நார் திணித்து, சிவப்பு ரெக்சின் போர்த்திய ஒரு சாய்மானம் நின்றது. அதில் சாய்ந்துகொண்டு மில் கேட்டுக்குள் போனால் வாட்ச்மேன் எழுந்து நிற்பார். மில்லே என்னை 'மாப்ளே' என்று கூப்பிட்டது. எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு.

இப்படியே போயிருக்கும். ஆனால் போன தை மாதம் ஒரு சேதி வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பூக்கடை வைத்திருந்த அம்மா கடையை விட்டுவிட்டு மகள் ஊருக்குப் போகிறார். வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதாயிரம் முன்பணம் கொடுத்தால் கடை மதினிக்கு. இல்லையென்றால் அடுத்த ஆள் தயாராக நிற்கிறார்.

"இத்தனை வருசம் அடுத்தவுக கடைக்கே பூக்கட்டிக் குடுத்துட்டேன்" என்றார் மதினி. "ஒரு நாளாவது என் கடைக்குக் கட்டணும். சேமிப்புன்னு சொன்னீகள்ல, அத எடுங்க."

எக்ஸ்ட்ரா பிட்டிங் நெஞ்சை நிமிர்த்தினார். "நாப்பது என்ன, அம்பதே வரும்."

புதன்கிழமை நானும் அவரும் பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங் கடைக்குப் போனோம். கடைக்காரர் வண்டியைப் பார்த்தார். பிறகு ஆர்.சி. புக்கைப் பார்த்தார். மறுபடி வண்டியைப் பார்த்தார்.

"புக்குல இருக்குற வண்டி எங்கண்ணே?"

"இதான்."

"இது தேருல்ல? இதே வருச வண்டி சும்மா இருந்தா முப்பது தருவேன். இதுக்குப் பதினெட்டு. இந்தச் சாமானெல்லாம் கழட்டணும், ஒரிஜினல் தேடி வாங்கி மாட்டணும். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மொதல்ல இந்த நாற்காலியக் கழட்டணும்."

அவர் கை காட்டியது என் சாய்மானத்தை. எனக்கே சுருக்கென்றது. இன்னும் இரண்டு கடை ஏறினோம். ஒருவர் பதினாறு என்றார். இன்னொருவர் விலையே சொல்லவில்லை, வண்டியோடு ஒரு செல்பி மட்டும் எடுத்துக்கொண்டார்.

வீடு திரும்பினோம். வாசலில் எக்ஸ்ட்ரா பிட்டிங் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினார். ஹாரன் அடிக்கவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அந்தச் சத்தம் கேட்காததால்தான் மதினி வெளியே வந்தார்.

"எம்புட்டு?"

"பதினெட்டு" என்றார் அவர், தரையைப் பார்த்து. "என்னைய நம்பி இருந்துட்ட. நான் ஒன்னைய ஏமாத்திட்டேன் புள்ள."

 மதினி என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்த ஏணியச் செத்தப் பிடிங்க" என்றார்.

பரணில் நான்கு சாக்கு மூட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றாக இறக்கினோம். பிரித்தால் ஷோரூம் சீட், பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல். சைலன்சர், கண்ணாடி, இண்டிகேட்டர், பிறகு கழற்றிய கைப்பிடி எல்லாம் பழைய சேலையில் சுற்றி இருந்தன. ஹெட்லைட்டிலும் டேங்கிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

"பழைய இரும்புக்காரன்ட்ட போடச் சொன்னேனே?" என்றார் அவர்.

"பூசை போட்ட சாமான எவனாவது எடைக்குப் போடுவானா? சந்தனம் வச்சதத் தூக்கி எறிய எனக்கு மனசு வரல. அதான் மேல வச்சேன்."

மறுநாள் நாங்கள் இருவரும் மில்லுக்கு லீவு. காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விசேஷம்' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து அவர் கழற்ற, நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க, மதினி துடைக்க, இருட்டுவதற்குள் வண்டி வாங்கிய நாளில் இருந்தபடியே நின்றது. அதன் உண்மையான நிறம் கறுப்பு என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அதே கன்சல்டிங் கடை. இந்தத் தடவை மதினியும் டவுன் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொண்டார். கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"யாரு வண்டிண்ணே இது? சீட்டுல கவரே பிரிக்கல."

"ஒம்பது வருச வண்டி" என்றார் எக்ஸ்ட்ரா பிட்டிங். "மீட்டரப் பாருங்க, ஓடுனது ஓடுனதுதான். மத்தபடி மேலுக்கு ஒரு கீறல் கெடையாது."

கடைக்காரர் ஸ்டார்ட் செய்து பார்த்தார், குனிந்து பார்த்தார், நாற்பத்தொன்று என்றார். பிறகுதான் நம்பரைக் கவனித்தார். ஆர்.சி. புக்கை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"இது அந்தத் தேருல்ல? முந்தாநாளே இதக் கொண்டாந்திருக்கலாம்ல?"

"முந்தாநாளு இது பரண்ல இருந்துச்சு."

கடைக்காரர் சிரித்துவிட்டார். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. பணத்தை வாங்கி அப்படியே மதினி கையில் கொடுத்தார் எக்ஸ்ட்ரா பிட்டிங். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். வந்த காலத்தை அந்தப் பூனை சும்மா விடவில்லை. பூக்கடைக்குப் போகும் வழியெல்லாம் எங்களுக்குப் பிரசங்கம்.

"நான் எக்ஸ்ட்ரா பிட்டிங் போடலைன்னா ஒரிஜினல் தேஞ்சிருக்கும்ல? தேஞ்சிருந்தா முப்பதுதான. இப்ப நாப்பத்தொண்ணு. போட்ட போல்ட்டுக்குக் காசு வந்துச்சா இல்லையா, நீயே சொல்லு அப்பு."

 கணக்கு எழுதியே காலம் தள்ளிய எனக்கே அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. மதினி மட்டும், "வந்துச்சு சாமி, வந்துச்சு. பேசாம வாங்க" என்று சிரித்துக்கொண்டே நடந்தார். அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

இன்று பஸ் ஸ்டாண்டு வட்டாரத்தில் மதினி கடை மாதிரி ஒரு பூக்கடை கிடையாது. மல்லிகைக்கு மேலே நீல விளக்கு எரிகிறது. வாடாமல் இருக்கக் குட்டி மின்விசிறி சுற்றுகிறது. டிபன் கூட்டில் கதம்பம் தொங்குகிறது. ராத்திரி கடையை அடைக்கும்போது ஷட்டர் பீப் பீப் என்று கத்திக்கொண்டு இறங்குகிறது. வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏற வந்தவர்கள் வேடிக்கை பார்க்க நின்று, நின்ற பாவத்துக்கு இரண்டு முழம் வாங்கிப் போகிறார்கள்.

நானும் அவரும் இப்போது மில் பஸ்ஸில்தான் போய் வருகிறோம். இறங்கியதும் நேரே கடைக்கு. அங்கே ஓரமாக ஒரு ஸ்டூல், அதன் பின்னால் சிவப்பு ரெக்சின் சாய்மானம். வேறு யாராவது உட்காரப் போனால் எக்ஸ்ட்ரா பிட்டிங் விடமாட்டார்.

"அது நம்ம அப்புவுக்குங்க. அவருக்கு முதுகுவலி."

என் முதுகுவலி போய் ஐந்தாறு வருடம் ஆகிறது. இதுவரை அவரிடம் சொல்லவில்லை.