ஐந்து காசு முந்தியவன்

“மறுபடியும் அஞ்சு காசு கூட வச்சுட்டான், படுபாவி!”

டிரில் மாஸ்டர் மேசையில் குத்திய குத்தில் மவுஸ் ஒருமுறை துள்ளிப் படுத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அவர் பங்குச் சந்தையில் குதித்துவிட்டார். காலையில் வாங்கி மாலைக்குள் விற்றுவிட வேண்டும், அவ்வளவுதான் தொழில். ஆனால் பம்பு கம்பெனிப் பங்கை அவர் நாற்பத்தொன்றுக்குக் கேட்க வாயெடுத்தால், மைதானத்துக் குரலில் விலையைச் சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்குவதற்குள் எவனோ ஐந்து காசு கூட்டிக் கேட்டு அள்ளிக்கொண்டு போகிறான்.

“யாருங்க அது?” என்றாள் மனைவி.

“ஆளா இருந்தா பல்லை உடைச்சிருப்பேனே! மெஷின்டி. தானாவே வாங்கும், தானாவே விக்கும். நான் மனசுல நினைக்கிறது அதுக்குத் தெரிஞ்சுபோயிடுது.”

“அடேங்கப்பா! எனக்கு முப்பது வருஷமாத் தெரியல.”

“கிண்டலா பண்றே?”

“இன்னைக்கும் நஷ்டம்னா நாளையிலேர்ந்து என் தம்பி கடையில உக்காரணும். நீங்க கொடுத்த வாக்குதான், ஞாபகம் இருக்கட்டும்.”

மைத்துனனின் இரும்புக் கடை கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே ஆணி நிறுத்துப் போடுவதைவிட ஆணி மேல் படுத்துக்கொள்ளலாம் என்பது மாஸ்டரின் கட்சி.

ஒற்றை விரலால் தட்டினால் மெஷினை ஜெயிக்க முடியாது என்று கண்டுகொண்டார். தட்டும் பொறுப்பு மனைவிக்குப் போனது. அவள் அடுப்பை விட்டு வரமாட்டேன் என்றதால் கம்ப்யூட்டர் சமையலறைக்குப் போனது. மாஸ்டர் கூடத்தில் நின்று போனில் விலையைப் பார்த்து உத்தரவு கொடுத்தார்.

“வாங்கு! இருநூறு! நாப்பத்திரண்டு!”

“எத்தனை?”

“இருநூறுடி, இருநூறு! காதுல என்ன பஞ்சா?”

அவள் தட்டி முடிப்பதற்குள் நாற்பத்திரண்டும் ஐந்து காசும் கம்பீரமாக வந்து நின்றன.

மாஸ்டருக்குக் கண் சிவந்தது. “வீட்டு ஒயர் வழியா வேவு பாக்குது! இந்தச் சுவருக்குள்ள நின்னா உருப்பட மாட்டேன்” என்று பால்கனிக்குப் போனார். சமையலறை இன்னும் தூரமாகிவிட்டதால் உத்தரவும் இரண்டு மடங்கு பலமாகப் போயிற்று. எதிர்வீட்டு மாடியிலிருந்த புறாக்கள் வேறு ஊருக்குக் கிளம்பின.

“நாப்பத்தி மூணு! அடிடி!”

இந்த முறை மெஷின் மூச்சுவிடக்கூட நேரம் கொடுக்கவில்லை. கடைசியில் கூடுதல் விலை கொடுத்து வாங்கியதை விற்கப் போனபோதும் ஐந்து காசு குறைத்து முந்தியது. சந்தை மூடியபோது மாஸ்டரிடம் மிஞ்சியது கோபமும் தொண்டைக் கட்டும்தான்.

“வாக்குன்னா வாக்கு” என்றாள் மனைவி.

படிகள் அதிர இறங்கினார். “டேய் மச்சான்! எங்கடா என் நாற்காலி? நாளையிலேர்ந்து இங்கதான்!”

கையிலிருந்த போனைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்ட மைத்துனனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயையோ, வேணாம் அத்தான்! ஒருநாள் தோத்தா என்ன? நீங்க மேலேயே இருங்க. நாளைக்கு அந்த மெஷினை ஒரு கை பாத்துடலாம்!”

மாஸ்டர் மைத்துனனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். பெண்டாட்டிக்கு இல்லாத நம்பிக்கை அவள் தம்பிக்கு இருக்கிறதே!

பில் போடும் பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

“நீங்க கீழ வந்துட்டா, மேலேர்ந்து விலையைக் கத்துறது யாரு சார்? அதைக் கேட்டுத்தானே முதலாளி அஞ்சு காசு கூடப் போடுறாரு!”