சின்ன மாமியின் குதிக்காலும் சாரோவின் கத்தியும்

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆறு வருடமாகிவிட்டது. மற்ற எல்லோரும் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். பிழை என்னுடையது அல்ல என்பதை வாசிக்கிற நீங்களாவது ஒத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். (என் மனைவி ஜெனிற்றா, எழுதவே வேண்டாம் என்றாள். அவள் யார் பக்கம் என்பது போகப்போகத் தெரியும்.)

அப்போது நான் இத்தாலியில், பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஐந்து வருடமாக ஒரே மூலை, ஒரே மெஷின், முகத்துக்கு நேரே ஒரே சுவர். எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். அந்திப்பாஸ்தி மேசைக்குப் போக வேண்டும். சாப்பாட்டுக்கு முதல் வைக்கிற குளிர் தட்டுகளை அங்கேதான் அடுக்குவார்கள். தக்காளியும் சீஸும் எலுமிச்சையும் வெட்டுகிற வேலை. அங்கே நிற்கிறவனுடைய கை காய்ந்திருக்கும். என் விரல்களோ ஐந்து வருடமாக ஊறிய பயறு மாதிரி இருந்தன. அந்த மேசையில் நின்றவர் மாத முடிவில் ஜெர்மனிக்குப் போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

இன்னொரு நோயும் அந்த நேரத்தில் என்னைப் பிடித்திருந்தது. கைபேசியில் கத்தி தீட்டுகிற வீடியோ பார்ப்பது. தாடி வைத்த ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீரில் ஊறிய கல்லில் கத்தியை இழுப்பார். நான் சாப்பாட்டை மறந்து பார்ப்பேன். பிறகு நானும் ஒரு மடக்குக் கத்தியும் இரண்டு கற்களும் வாங்கினேன். சிவப்புக் கல் கரடு. அலகுக்குக் கூர் எடுப்பது அது. வெள்ளைக் கல் நைசு. எடுத்த கூருக்கு மினுக்கம் கொடுப்பது அது. இரண்டுக்கும் தண்ணீர் மட்டும்தான் ஆகும். எண்ணெய் பட்டால் கல்லின் கண்கள் அடைபட்டு, அது வெறும் செங்கல் ஆகிவிடும். இதைத் தாடிக்காரர் திரையில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்.

கத்தியை எந்த நேரமும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் அவர் காட்டிய வழிதான்.

“எந்த நேரமும் கொண்டு திரியிறதுக்கு இதென்ன செபமாலையோ?” என்று ஜெனிற்றா கேட்டாள்.

கூர் பார்ப்பதற்காகக் கைமயிரை வழித்து வழித்து, என் இடது முன்கை குழந்தைப்பிள்ளையின் கை மாதிரி ஆகியிருந்தது. அதைப் பற்றியும் அவள் கேட்டாள். நான் சட்டைக் கையை இறக்கிவிட்டேன்.

ஒரு புதன்கிழமை, வேலை ஓய்ந்த நேரத்தில் என் கத்தியால் ஓர் எலுமிச்சையைச் சீவினேன். அந்தப் பக்கம் நின்ற ஆளின் முகம் தெரிகிற அளவுக்கு மெல்லிசான துண்டு. தெரிந்த முகம் ஷெஃப் சாரோவுடையது. (தற்செயல் அல்ல. அவர் வரும்வரை நான்கு எலுமிச்சையை வீணாக்கியபடி நின்றேன்.) அவர் துண்டைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், என் வழுக்கைக் கையைப் பார்த்தார். பிறகு தன் காற்சட்டைப் பையிலிருந்து தன்னுடைய மடக்குக் கத்தியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

சாரோவை அறிந்தவர்களுக்குத்தான் இது என்ன விஷயம் என்று விளங்கும். கொம்புப் பிடி போட்ட அந்தக் கத்தியை அவர் பெண்சாதிக்கும் கொடுக்க மாட்டார். பெட்டி உடைப்பது, பழம் உரிப்பது, சீஸ் வெட்டுவது, வெட்டிய சீஸை நுனியில் குத்தி வாயில் போடுவது எல்லாம் அதால்தான்.

“ஞாயிறு உன் மகளின் விசேஷம். திங்கள் கடை பூட்டு. செவ்வாய் கொண்டு வா. அந்திப்பாஸ்தி மேசைக்கு எனக்கு ஆள் தேவை. கத்தியைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்” என்றார்.

அன்றே வீட்டுக்குப் போய்க் கற்களை ஊறப் போட்டேன். பத்து நிமிடம் ஊறினால் போதும். நான் ஐந்து நாள் ஊறவிட்டேன், அவ்வளவு ஆர்வம். ஊறப் போட்ட இடம் பிடே. இத்தாலியில் ஒவ்வொரு குளியலறையிலும் கக்கூசுக்குப் பக்கத்தில் கழுவுவதற்கென்று இருக்கிற அந்தக் குட்டித் தொட்டியைத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பிடேயில் அதுவரை உடுப்பு ஊறியதைத் தவிர வேறொன்றும் நடந்ததில்லை. குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில்தான் முதலில் வைத்தேன். ஜெனிற்றா என்னையும் கற்களையும் சேர்த்து வெளியே விட்டாள். இதைக் கவனத்தில் வையுங்கள். குளியலறைக்குக் கல் போனது என் விருப்பத்தால் அல்ல.

வியாழக்கிழமை சின்ன மாமி லண்டனிலிருந்து வந்து இறங்கினார். ஜெனிற்றாவின் தாயின் தங்கை. எங்கள் மகள் மரிசா கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்குகிற முதல் நன்மைக்காக வந்தவர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், லிப்ட் இல்லாத நாலாம் மாடி வீடு எங்களுடையது. ஏறி வந்தவர் மூச்சு வாங்கியபடி கதிரையில் உட்கார்ந்து, “லண்டனிலை நாய்க்கும் லிப்ட் இருக்குது தம்பி” என்றார். நான் சிரித்தேன். வந்தவரோடு முகம் முறிக்கக் கூடாது என்று நினைத்தேன். அடுத்த மூன்று நாளும் மண்டபம், கேக், சோறு, பாதருக்குச் சொல்லுவது, நாற்பது பேருக்குக் கதிரை என்று ஓடியதில் குளியலறைப் பக்கம் போனதும் வந்ததும் எனக்கு நினைவில்லை. கற்களை எட்டிப் பார்க்கவும் இல்லை.

திங்கள் காலை வீடு அமைதியாக இருந்தது. குட்டி ஸ்டூலைப் போட்டுப் பிடேக்கு முன்னால் இருந்து, சாரோவின் கத்தியை விரித்தேன். உண்மையில் அது அவ்வளவு மொட்டையும் இல்லை. சிவப்புக் கல்லில் வைத்து இழுத்தேன். வழக்கமாக ஒரு கரகரப்புக் கேட்கும், சாம்பல் நிறத்தில் சேறு கட்டும். ஒன்றும் இல்லை. கத்தி பனிக்கட்டியில் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீர் தெளித்தேன். தண்ணீர் கல்லுக்குள் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. வெள்ளைக் கல்லை எடுத்தேன். அதுவும் அப்படியே. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அழுத்துவது. அழுத்தினேன். அழுத்த அழுத்தக் கத்தி பிடித்த சாய்வு மாறி, இருந்த கூரும் மழுங்கியது. இடையில் கத்தி ஒரு தரம் புரண்டு அலகில் நீளமாக ஒரு கீறலும் விழுந்தது. அப்போதுதான் மூக்கில் ஒரு வாசம் அடித்தது. கல்லை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

நல்லெண்ணெய்.

“இந்தக் கல்லை ஆர் தொட்டது?” என்று நான் கேட்ட சத்தத்தில் மரிசா ஓடி வந்தாள், ஜெனிற்றா ஓடி வந்தாள். சின்ன மாமி மட்டும் ஆற அமர நடந்து வந்தார்.

“எந்தக் கல்? கால் தேய்க்கிற கல்லோ?” என்றார்.

“கால் தேய்க்கிற கல்லோ?”

“ஓம். வந்த நாளிலையிருந்து நான் அதிலைதானே தேய்க்கிறன். நல்ல கல்லு தம்பி. லண்டனிலை இப்பிடி ஒண்டு இல்லை. எண்ணெய் பூசிக் கொஞ்சம் ஊறவிட்டு, முதல் சிவப்பிலை தேய்ச்சுப்போட்டு, பிறகு வெள்ளையிலை ஒரு இழுவை இழுத்தால் அப்பிடியே வழுவழுவெண்டு வருது.”

கரடு முதலில், நைசு பிறகு என்ற ஒழுங்கைப் பிடிக்க எனக்கு மூன்று வாரம் வீடியோ தேவைப்பட்டது. இந்த மனுசி தன் குதிக்காலை வைத்து ஒரே நாளில் கண்டுபிடித்திருக்கிறார்.

“சின்ன மாமி, இது கத்தி தீட்டுற கல்லு” என்றேன்.

“கத்தி தீட்டுற கல்லைக் குளிக்கிற இடத்திலை ஆரும் வைப்பினமோ? குளிக்கிற இடத்திலை கல்லுக் கிடந்தால் அது கால் தேய்க்கிற கல்லு. இதை ஆரட்டைப் போய்க் கேக்கிறது?”

நான் ஜெனிற்றாவைப் பார்த்தேன். கட்டிய மனைவி, ஒரு சொல்லாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“சின்னம்மா கேக்கிறது சரிதானேப்பா” என்றாள் அவள். “வாற ஆக்களுக்கு என்னெண்டு தெரியும்?”

குசினியிலிருந்து கல்லைத் துரத்தியவள் சொல்கிற நியாயம் இது. நான் அதை எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். சின்ன மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலைத் தூக்கி, “இஞ்சை பாருங்கோ தம்பி, ஒரு வெடிப்பு இருக்குதோ?” என்று குதியைக் காட்டினார். இல்லைத்தான். லண்டன் குளிர் பதினைந்து வருடமாகச் செய்த வேலையை என் கற்கள் நான்கு நாளில் துடைத்திருந்தன. என் வயிற்றெரிச்சலை அது கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

அன்று முழுக்கக் கற்களைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், வினாகிரியில் கழுவினேன், பல்கனியில் வெயிலில் வைத்தேன். எண்ணெய் போகவே இல்லை. சாரோவின் கத்தியை மட்டும் நன்றாகக் கழுவித் துடைத்து, போன கூருக்கு ஒன்றும் செய்ய முடியாமல், சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சமையலறையில் எல்லோரும் நின்றார்கள். சாரோ கத்தியை வாங்கி விரித்தார். கீறலைப் பார்த்தார். பழுத்த தக்காளி ஒன்றை எடுத்து மேலே கத்தியை வைத்து இழுத்தார். தக்காளி வெட்டுப்படவில்லை. நசுங்கி, விதை அவருடைய மேல்சட்டையில் தெறித்தது. யாரோ மூக்கால் சிரித்தார்கள். சாரோ பழக்கதோஷத்தில் ஒரு சீஸ் கட்டியை இழுத்து, கத்தியால் உடைத்து, நுனியில் குத்தி வாயில் போட்டார்.

மென்றபடி, “பரவாயில்லை” என்றார். “எல்லாருக்கும் ஒரு தரம் பிசகும். அந்த எலுமிச்சையை நான் மறக்கவில்லை. சனிக்கிழமை இன்னொரு தரம் செய்து பார்.”

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? நன்றி சொல்லிவிட்டு மூலைக்குப் போவான். சனிக்கிழமைக்கு முன் புதுக் கல் வாங்குவான். நானும் போயிருக்கலாம். ஆனால் பிசகும் என்றாரே, அது என்னைக் குத்தியது. யாருக்குப் பிசகியது? எனக்கா? என் சாய்வு சரி, என் கை சரி, என் கணக்கு சரி. வேறொருவர் செய்த வேலைக்கு நான் ஏன் மன்னிப்பு வாங்க வேண்டும்? எட்டுப் பேருக்கு முன்னால் என் பேரைக் காப்பாற்ற வேண்டும் என்ற வெறி எனக்கு வந்துவிட்டது.

“ஷெஃப், பிழை என்னுடையது இல்லை. மனைவியின் சின்னம்மா லண்டனிலிருந்து வந்திருக்கிறார்” என்று தொடங்கினேன்.

என் இத்தாலியன் அன்று போல வேறு ஒருநாளும் ஓடியதில்லை. ஐந்து வருடம் பேசாமல் சேர்த்து வைத்தது முழுக்க அன்று கொட்டியது. எண்ணெயைச் சொன்னேன். நான்கு நாளைச் சொன்னேன். வெடிப்பைச் சொன்னேன். சிவப்பில் முதலில், வெள்ளையில் பிறகு என்பதைச் சொன்னேன். விளக்கம் போதாது என்று பட்டதால், சப்பாத்தைக் கழற்றி, ஒற்றைக் காலில் நின்று, வெங்காயம் ஒன்றைக் கல்லாக வைத்து என் குதியில் தேய்த்தும் காட்டினேன். “அந்தக் கல்லில்தான் உங்கள் கத்தியை இழுத்தேன். எப்படிக் கூர் வரும்?” என்று முடித்தேன்.

சாரோவின் வாய் மெல்லுவதை நிறுத்தியிருந்தது. அவர் கத்தி நுனியைப் பார்த்தார். சீஸைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு குப்பை வாளிப் பக்கம் திரும்பி, வாயில் இருந்ததைத் துப்பினார். கழுவினேன் என்று நான் சொன்னேன், மூன்று தரம் சொன்னேன். யார் கேட்டார்கள்? அவர் கத்தியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து, நான் கழுவ வேண்டிய அழுக்குத் தட்டுகளின் மேலே வைத்தார்.

“கழுவு” என்றார்.

அந்திப்பாஸ்தி மேசை வேறொருவருக்குப் போனது. எனக்கு அது கிடைக்க இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. இரண்டு வருடம், ஒரு குதிக்காலுக்காக.

வீட்டில் யாருக்காவது இதில் வருத்தம் உண்டா? இல்லை. நான் எதையாவது தேடி “இதை ஆர் எடுத்தது?” என்று கேட்டால் போதும், மரிசா காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக் குதியைக் காட்டுவாள். தாய் விழுந்து விழுந்து சிரிப்பாள். சின்ன மாமி அந்த வெள்ளைக் கல்லைத் துவாயில் சுற்றி லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார். “உங்களுக்கு இனி உதவாதுதானே தம்பி” என்றார். அங்கே நடக்கிற ஒவ்வொரு கலியாணத்திலும் கதையைச் சொல்லுகிறாராம். அந்தக் கதையில் மடையன் நான்.

இப்போது என்னிடம் புதுக் கற்கள் இருக்கின்றன, அலுமாரிக்குள், பூட்டில். அந்திப்பாஸ்தி மேசைக்கு வந்து ஒரு வருடம் கழிந்த பிறகு சாரோ மறுபடியும் தன் கத்தியைத் தீட்டத் தந்தார். சும்மா தரவில்லை. கையில் வைக்கும் முன் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “உன் மாமி எங்கே?” என்று கேட்டார். “லண்டனில்” என்றேன். விட்டார். அன்று தொடங்கி ஒவ்வொரு தரமும் அதே கேள்வி, அதே பதில். சமையலறை முழுக்கக் காத்திருந்து கேட்கும்.

போன வாரமும் கத்தியை நீட்டிக்கொண்டு கேட்டார்.

“லண்டனில்” என்றேன், கண் இமைக்காமல். சின்ன மாமி அந்த நேரம் எங்கள் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தார்.