ஒரு பொத்தானுக்குப் பதினான்கு பேர்

அரைகுறையாகத் தெரிந்தவன் சும்மா இருக்க மாட்டான், வகுப்பு எடுப்பான். நானும் எடுத்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. யார் வேண்டுமானாலும் திறந்து திருத்தக்கூடிய ஓர் இலவச மென்பொருளில், பொத்தான்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். (மொத்தம் இரண்டு பொத்தான். எங்கள் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் நூறு என்று சொல்லி வைத்திருந்தேன்.) அதை நிர்வகித்த வெளிநாட்டு அம்மையார் ஒருநாள் எழுதினார்: புதியவர்களைக் கூட்டி, என்னென்ன வேலை நடக்கிறது என்று காட்டினால், வழிகாட்டி என்று என் பெயரைத் தளத்தில் போடுவாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதுளையில் ஒரு டியூஷன் வகுப்பறையைக் கெஞ்சி வாங்கினேன். பதினான்கு பேர் வந்தார்கள். பஜாரில் போன் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர் (நாங்கள் நானா என்போம்) முன்வரிசையிலிருந்து கேட்டார்.

"தம்பி, இந்த வேலைய ஏற்கெனவே வேற ஆள் செஞ்சிட்டு இருந்தா நமக்கு எப்புடித் தெரியும்?"

அன்று யாராவது உருப்படியாகப் பேசினார்கள் என்றால் அவர்தான். பிறகு பார்க்கலாம் நானா என்று தள்ளிவிட்டு, 'சேமி' பொத்தானைத் திரையில் காட்டி, இப்படித் தமிழாக்கி இப்படி அனுப்ப வேண்டும் என்றேன். உதாரணத்துக்குத்தான் சொன்னேன். பதினான்கு பேரும் அதையே அனுப்பினார்கள். தளத்தின் வேலைப் பட்டியலில் அந்தப் பொத்தானுக்கு நேரே, மொனராகலை ஆசிரியை ஒருவர் அதைச் செய்துகொண்டிருப்பதாகப் பெயரோடு எழுதியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரே திருத்தம் பதினான்கு தடவை வந்ததும், யாரோ விஷமியின் வேலை என்று நினைத்து அம்மையார் எங்கள் எல்லோரையும் தடுத்துவிட்டார். என் பெயர் தளத்தில் வந்தது உண்மைதான். தடுக்கப்பட்டவர்கள் பட்டியலில் முதலாவதாக.

கொழுந்து எடுத்துவிட்டு வந்த தங்கச்சியிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அந்த ஆசிரியையின் பெயர் அங்கேயே எழுதியிருந்ததா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

"ஏண்ணே, மலைக்குப் போனா எந்த நெரையில யாரு நிக்கிறாங்கன்னு பார்க்காமலா நாங்க கொழுந்துல கை வைக்கிறோம்?"

பிறகு அரைமணி நேரம் சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மன்னிப்புக் கடிதத்தில், தங்கச்சி கேட்ட அந்தக் கேள்வியையே அவள் பெயரோடு எழுதினேன். (பொய் சொல்லத் தெம்பில்லை.) அம்மையார் தடையை நீக்கினார். அந்த வாக்கியம் இன்றும் புதியவர்களுக்கான பக்கத்தில் முதல் வரியாக இருக்கிறது. அதன் கீழே, வழிகாட்டி என்ற இடத்தில், தங்கச்சியின் பெயர்.

இதுவரை கணினியைத் தொட்டதில்லை அவள். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்கிறாள்: "அண்ணன் நம்மகிட்டதாங்க வேலை பழகுது."