முப்பது என்றால் முப்பது என்ன?

கோலா சிலாங்கூரிலிருந்து சுங்கை பெசார் வரைக்கும் பஸ் பிடித்துப் போய்த் தேடினாலும் எங்கள் எஸ்டேட் தராசுக் கிராணியை, அதாவது எடை போடும் குமாஸ்தாவைப் போல இன்னொருத்தரைக் கண்டுபிடிக்க முடியாது. உலகத்தில் எல்லாருக்கும் காது கேட்பதற்காக இருக்கிறது. அவருக்கு மட்டும் அது அளவு பார்க்கும் கருவி. யார் என்ன பேசினாலும் அந்தப் பேச்சில் எண் எங்கே, அலகு எங்கே என்றுதான் அவர் காது தேடும். கிடைக்காவிட்டால் உடனே கேள்வி வந்துவிடும்.

"கொஞ்ச தூரம்தான்" என்பீர்கள். "எத்தனை மீட்டர்?" என்பார். "சித்த நேரம் இருங்க" என்றால், "எத்தனை நிமிசம்?"

அதனால் புக்கிட் ரோத்தான் பக்கம் இருந்த அந்தச் செம்பனைத் தோட்டத்தில் அவருக்குப் பெயரே 'எத்தனை' ஆகிப்போனது. சின்னப் பிள்ளைகள் 'எத்தனை மாமா' என்றார்கள். ஆபிசில் டைப்பிஸ்ட்டாக இருந்த நான் மரியாதையாக 'எத்தனை அண்ணே' என்பேன். அவரும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார்.

எண்பதுகளின் ஆரம்பம் அது. மைல் போய்க் கிலோமீட்டர் வந்துகொண்டிருந்தது. கட்டி போய்க் கிலோ வந்துகொண்டிருந்தது. ஆனால் ஒன்றும் முழுசாகப் போகவில்லை, ஒன்றும் முழுசாக வரவில்லை. மீன்காரர் கட்டியில் நிறுப்பார், கடைக்காரர் கிலோவில் நிறுப்பார், தையல்காரர் கெஜத்தில் கேட்பார். மற்றவர்கள் இந்தக் குழப்பத்தில் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது எத்தனைக்கு மட்டும் தினமும் திருவிழா. சட்டைப் பையில் ஒரு அடிஸ்கேல், இடுப்பில் ஒரு அளவு நாடா, கையில் கோயில் திருவிழாக் கடையில் வாங்கிய தமிழ் இயற்பியல் புத்தகம். அதில் 'இயக்கம்' என்ற பாடம் மட்டும் பக்கம் கழன்று தனியாக வந்திருந்தது. அவ்வளவு தடவை படித்திருக்கிறார்.

ஒரு நாள் எங்கள் மண்டோர், அதாவது வேலையாட்களை மேய்க்கிற மேஸ்திரி, காலையிலிருந்து மூன்று மணி வரைக்கும் தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு ஆபிஸ் வாசலில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்பாடா! இன்னிக்கு நடந்த நடை இருக்கே, காலு ரெண்டும் கழண்டு போச்சு லா."

எத்தனை தராசிலிருந்து தலையைத் தூக்கினார். "எங்கேருந்து கெளம்புனீங்க மண்டோரே?"

"இங்கேருந்துதான்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"இங்கதான்."

"அப்படின்னா உங்க இடப்பெயர்ச்சி பூஜ்யம். கணக்குப்படி இன்னிக்கு நீங்க நகரவே இல்ல."

மண்டோர் கையில் குலை தள்ளும் கம்பு இருந்தது. நானும் ஆபிஸ் பையனும் நடுவில் விழுந்து தடுத்திருக்காவிட்டால் எத்தனையின் இடப்பெயர்ச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கும்.

பெண் பார்க்கப் போன கதை இன்னும் மோசம். சுங்கை ஆயர் தாவாரில் நல்ல குடும்பம். பெண்ணின் அப்பா, "ரோட்டுலேருந்து பக்கத்துலதாங்க வீடு" என்று சொல்லியனுப்பியிருந்தார். எத்தனை ரோட்டிலிருந்து காலடியை எண்ணிக்கொண்டே போய், வீட்டுக்குள் நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல், "அறுநூத்தி இருபது மீட்டர்ங்க. இதுக்குப் பேரு பக்கமா?" என்று கேட்டிருக்கிறார். பெண் கேசரித் தட்டோடு வந்தவள் அப்படியே திரும்பி உள்ளே போனவள்தான். "எவ்வளவு வேகத்துல திரும்பிப் போச்சு தெரியுமா!" என்று எங்களிடம் வியந்தாரே தவிர, சம்பந்தம் போனதைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை.

இப்படிப்பட்ட மனிதரை எஸ்டேட் முழுக்கத் தோளில் தூக்கிய நாள் ஒன்று வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

எங்கள் தோட்டத்து லோரி டிரைவர் பெயர் சின்னையா. ஐந்து பிள்ளைகள். பத்து வருசமாக அதே பழைய லோரி. ஒரு புதன்கிழமை குலைகளை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போகும்போது, குறுக்கே ஒரு பசு மாடு வந்துவிட்டது. மாட்டைக் காப்பாற்ற ஸ்டீயரிங்கை ஒடித்ததில் லோரி சாலையோரப் பாரிட்டுக்குள், அதாவது பெரிய வாய்க்காலுக்குள், மூக்கைக் குத்திக்கொண்டது. ஆளுக்குச் சேதமில்லை. மாட்டுக்கும் சேதமில்லை. குலைகள் மட்டும் தண்ணீரில் நீந்தின. ஆனால் பின்னாலேயே புது மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த எங்கள் ஆபிஸ் பெரிய கிராணியாரின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. அங்கேதான் வினை.

வெள்ளிக்கிழமை ஆபிசில் விசாரணை. மேனேஜர் உள்ளூர்க்காரர்தான், ஆனாலும் பழக்கத்தில் எல்லாரும் துரை என்றுதான் கூப்பிடுவோம். நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். லோரியின் பாரம் எவ்வளவு என்று சொல்வதற்காக மட்டும் எத்தனையையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"எஸ்டேட் ரோட்டுல போர்டு போட்டிருக்கு. முப்பதுக்கு மேல போகக் கூடாது. நீ எவ்வளவு வேகத்துல போன?" என்றார் துரை.

"முப்பதுதாங்க துரை. மீட்டர் முள்ளு முப்பதைத் தாண்டவே இல்ல. எம்பிள்ளைங்க மேல சத்தியம்" என்றார் சின்னையா.

பெரிய கிராணியார் துள்ளி எழுந்தார். "பச்சைப் பொய்! நான் பின்னாடியே வந்தேன். அதே வேகம். என் மீட்டர்ல நாப்பத்தெட்டு! நான் கண்ணால பார்த்தேன்!"

துரை பேனாவை மூடினார். "ரெண்டுல ஒருத்தர் பொய் சொல்றீங்க. பொய் சொல்றவனுக்கு இங்க வேலையும் இல்ல, லயத்துல வீடும் இல்ல." சொல்லும்போது அவர் பார்த்தது சின்னையாவை. சின்னையாவின் மனைவி ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அப்போது மூலையிலிருந்து குரல் வந்தது.

"முப்பது என்ன?"

எத்தனைதான். துரை திரும்பினார். "என்னா?"

"முப்பது என்னன்னு கேட்டேன் துரை. முப்பது மைலா, முப்பது கிலோமீட்டரா? போர்டுல எழுதலையே. முப்பதுன்னா அது வெறும் எண்ணு. முப்பது ஆடா, முப்பது தேங்காயான்னு யாருக்குத் தெரியும்?"

"உன்னைப் பாரம் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"நாலாயிரத்து நூத்திப் பத்து கிலோ. சொல்லிட்டேன். இப்ப முப்பது என்ன?"

எல்லாரும் ஓடிப்போய் லோரியைப் பார்த்தோம். பாரிட்டிலிருந்து இழுத்துக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள். மீட்டரில் எண்கள் மட்டும் மிச்சம் இருந்தன. அடியில் இருந்த எழுத்து எந்தக் காலத்திலோ வெயிலில் அழிந்துபோயிருந்தது. கிராணியாரின் புது மோட்டார் சைக்கிளில் மட்டும் கிலோமீட்டர் என்று தெளிவாக இருந்தது.

எத்தனையின் கண்கள் பளபளத்தன. "துரை, ரெண்டு பேருமே உண்மை சொல்லியிருக்கலாம். ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு அந்த நேர் ரோட்டையும் லோரியையும் குடுங்க. நிரூபிச்சுக் காட்டுறேன்."

"முடியலன்னா?"

"முடியலன்னா சின்னையாவோட என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க."

துரை சரி என்று தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே தொழிலாளர் லயம் முழுக்க ரோட்டோரத்தில் நின்றது. கைப்பிள்ளைக்காரிகள், சாமி கும்பிட்டுவிட்டு வந்தவர்கள், கடலை விற்கிறவர். அந்த ரோடு பாரிட்டை ஒட்டி அடிஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக ஓடும். எத்தனை நூறு மீட்டரை நாடாவால் அளந்தார். துணி நாடா இழுபடும் என்று மறுபடி அளந்தார். யாரோ சிரித்ததால் மூன்றாம் தடவையும் அளந்தார். இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டார்.

பிறகு உரத்த குரலில் அறிவித்தார். "எல்லாரும் கேட்டுக்குங்க! சின்னையா மீட்டர் முள்ளை முப்பதுல வெச்சு ஓட்டுவாரு. அது கிலோமீட்டர் மீட்டரா இருந்தா இந்த நூறு மீட்டரைக் கடக்கப் பன்னெண்டு வினாடி ஆகணும். மைல் மீட்டரா இருந்தா ஏழரை!"

"ஏழரையா!" சின்னையா மனைவி தலையில் கை வைத்தாள். "ஐயோ, ஏற்கெனவே புடிச்சு ஆட்டுது, இன்னும் ஏழரையா?"

"ஏழரைச் சனி இல்ல தங்கச்சி, ஏழரை வினாடி! அது வந்தா உன் புருசன் தப்பிச்சான்!"

எஸ்டேட் வரலாற்றிலேயே ஏழரை வரவேண்டும் என்று ஒரு கூட்டம் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அடுத்து சின்னையாவிடம் ஓடினார். "மொதக் கோட்டுக்கு முன்னாடியே முப்பதுக்கு வந்துடணும். அப்புறம் ஏத்தக் கூடாது, எறக்கக் கூடாது. முடுக்கம் இருக்கவே கூடாது."

"முறுக்கா? காலையிலேருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கலண்ணே" என்றார் சின்னையா பரிதாபமாக.

பக்கத்துப் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியாரிடம் இரவல் வாங்கிய ஸ்டாப்வாட்சை எத்தனை பையிலிருந்து எடுத்தார். சாவி கொடுத்தார், இன்னும் கொடுத்தார், இன்னும் ஒரு முறுக்கு. டக்! உள்ளே ஏதோ அறுந்தது. முள் அசையவில்லை. ஊருக்கே அளவு சொன்ன மனிதர் சாவியை அளவுக்கு மேல் முறுக்கிவிட்டார்.

துரை சிரித்துவிட்டார். "முடிஞ்சுதா சர்க்கஸ்?"

"என் வாட்ச்சை வேணா எடுத்துக்க" என்றார் பெரிய கிராணியார். கோபக்காரர்தான், ஆனால் கெட்டவர் இல்லை.

"வேணாங்க. நீங்க வழக்குல ஒரு கட்சி. உங்க வாட்ச்சு சாட்சி சொன்னா ஊர் பேசும்." எத்தனை ஒரு நொடி கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் வெளிச்சம். ஸ்டோர் கதவுப் பூட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு கயிற்றில் கட்டினார். இரண்டாவது கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற ரம்புத்தான் மரக் கிளையிலிருந்து பூட்டின் நடு வரைக்கும் சரியாக ஒரு மீட்டர் இருக்கும்படி அளந்து தொங்கவிட்டார்.

"இது ஒரு பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் போக ஒரு வினாடி. திரும்பி வர இன்னொரு வினாடி. வேணும்னா கிராணியார் அவரு வாட்ச்சை வெச்சுச் சரி பார்க்கட்டும். சரி பார்க்கலாம், சாட்சி சொல்லத்தான் கூடாது."

கிராணியார் ஒரு நிமிடம் பார்த்தார். கூட்டம் எண்ணியது. அறுபது. கிராணியார் வாயைப் பிளந்தார். துரை சிரிப்பதை நிறுத்தினார்.

"டைப்பிஸ்ட் தங்கச்சி, வாங்க. பூட்டை இழுத்துப் புடிங்க. லோரி மொதக் கோட்டைத் தொட்டதும் மண்டோர் அங்க செகப்புத் துணியைக் கீழ போடுவாரு, ஒடனே விட்டுடணும். தள்ளக் கூடாது. விடணும். அவ்வளவுதான்."

ஐந்து பிள்ளைகளின் சோறு அந்தப் பூட்டில் தொங்கியது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

தூரத்தில் லோரி உறுமியது. பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் கிராணியார். புழுதி எழுந்தது. லோரி பெரிதாகிக்கொண்டே வந்தது. சிவப்புத் துணி விழுந்தது. விட்டேன்.

"ஒண்ணு!" என்றது கூட்டம். "ரெண்டு! மூணு!" கைப்பிள்ளைகள் அழுதன, நாய்கள் குரைத்தன. "நாலு! அஞ்சு!" சின்னையா ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிலை மாதிரி வருகிறார். "ஆறு!" சின்னையா மனைவி எண்ணவில்லை, எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ஏழு!" பூட்டு திரும்பிப் பாதி வழி வந்தது. லோரி எங்கள் முகத்தில் காற்றடித்துக் கோட்டைத் தாண்டிப் பறந்தது.

"ஏழரை!" என்று கத்தினார் எத்தனை. "ஏழரை! ஏழரை!" என்று கத்தியது லயம்.

கிராணியார் பிரேக் அடித்து, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தார். "நாப்பத்தெட்டு! என் மீட்டர்ல அதே நாப்பத்தெட்டு!"

"முப்பது மைலுன்னா நாப்பத்தெட்டு கிலோமீட்டர்!" எத்தனை குதித்தார். "ரெண்டு பேரும் பொய் சொல்லல! துரை, அந்த போர்டு மைல் காலத்து போர்டு. சின்னையா அந்த போர்டு சொன்ன வேகத்துலதான் போனாரு!"

துரை பூட்டைப் பார்த்தார். அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. "சின்னையா, நாளைக்கு வேலைக்கு வந்துடு" என்றார். பிறகு போர்டில் அலகையும் எழுதப் பெயிண்டரைத் தேடச் சொன்னார்.

அதற்குப் பிறகு யார் யாரைத் தூக்கினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மண்டோர் எத்தனையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஓடினார். சின்னையா மனைவி அவர் காலைத் தொட வந்தபோது அவர் பதறிப்போய் நாடாவைக் கீழே போட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை துரை விசாரணை அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். சோதனை நடத்தியவர் என்ற இடம் வந்ததும், "அவன் முழுப் பேரு என்ன?" என்றார். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. சம்பளப் பதிவேட்டை எடுத்துத் தேடி, அவர் அப்பா பெயரோடு சேர்த்து, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் மூன்று பிரதி அடித்தேன். ஒன்று துரைக்கு, ஒன்று கோப்புக்கு. மூன்றாவது கார்பன் பிரதியை யாருக்கும் சொல்லாமல் மடித்து என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். கல்யாணமாகி ரவாங்குக்கு வந்தபோதும் அது என்னோடு வந்தது. மை மங்கிவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பெயரை மட்டும் இன்னும் படிக்க முடிகிறது.