மாமா பாதுகாத்த போட்டோக் கடை

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

என் போட்டோக் கடையை நீங்கள் பாதுகாத்தே கொன்றுவிட்டீர்கள். மற்றபடி, முட்டிவலி தேவலையா? அத்தை சுகமா? முகாமில் எனக்குப் பனி அள்ளும் வேலை. உடம்புக்குக் குறைவில்லை. இதற்கு முன் எழுதிய கடிதங்கள் எதற்கும் நீங்கள் பதில் போடவில்லை.

ராணுவத்துக்குக் கிளம்பும் முன் உங்கள் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதி, கையெழுத்துக்குப் பதில் செல்லும் என் பதிவு முத்திரையையும் கையில் கொடுத்தேன். ‘கடையைப் பாதுகாக்கத் தேவையான எதையும் செய்யலாம்’ என்று எழுதியதும் நான்தான். கட்டடச் சொந்தக்காரர் யோமை மனதில் வைத்து எழுதிய வரி அது. குத்தகைக் காலம் முடியும் முன்பே நம்மைக் கிளப்பிவிட்டு, இடத்தைக் காபிக் கடைக்கு விட அவர் அலைகிறார். சின்னப் பையன் பேச்சு எடுபடாது, நரைத்த தலை ஒன்று வேண்டும் என்றார் அம்மா. நம் ஊர் குன்சானில் சட்டம் தெரிந்தவனைவிட நரைத்தவனுக்குத்தான் மதிப்பு. உங்களுக்கு நரைத்திருந்தது. அதற்குமேல் நான் எதையும் பார்க்கவில்லை.

காலமெல்லாம் துறைமுகக் கிடங்குக்குக் காவல் இருந்தவர் நீங்கள். கிடங்குக்குள் யாரும் வராவிட்டால் அது வெற்றி. கடைக்கு அப்படியில்லை, மாமா. முதல் பிறந்தநாள் படத்துக்கு வந்த குழந்தையை, “பட்டு விரிப்புல ஒண்ணுக்குப் போயிரும், வளர்ந்தப்புறம் கூட்டிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பினீர்கள். தன் சாவுக்கு வைக்கவேண்டிய படத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள கோட்டு சூட்டோடு வந்த மீன்கடைக்காரரிடம், “அண்ணே, நல்லாத்தான இருக்கீங்க, என்ன அவசரம்?” என்று கேட்டுப் பார்லி டீ கொடுத்து வழியனுப்பினீர்கள். வேலை விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்த பெண்ணின் தாடையைக் கடையில் வேலை பார்க்கும் நாரே படத்தில் கொஞ்சம் ஒடுக்கினாள். பொய் சாட்சி என்று கத்திக் கணினியையே அணைத்தீர்கள். முகத்தைப் பார்த்து வேலை தருகிற கம்பெனிகள் யோக்கியம், தாடையைக் குறைக்கிற நாங்கள் பொய்யர்களா? அந்தப் பெண் பட்டம் வாங்கியது தாடையிலா?

அப்புறம் லென்ஸ். பூஞ்சை பிடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எல்லா லென்ஸையும் உங்கள் வீட்டுக் கிம்ச்சி ஊறுகாய்க் குளிர்பெட்டியில் வைத்துவிட்டீர்கள். “முட்டைக்கோஸே வருஷம் பூரா கெடாம இருக்கு, கண்ணாடி கெட்டுருமா?” என்றீர்களாம். நாரே போனில் அழாத குறை.

“அண்ணா, லென்ஸு வேர்க்குது. படத்துல எல்லாரும் ஆவி மாதிரி நிக்கிறாங்க. பூண்டு வாசனை வேற.”

“மாமாகிட்ட சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேனே. ‘பொண்ணே, கடை பத்திரமா இருக்கா இல்லையா?’ன்னு கேட்டாரு. பத்திரமாத்தான் இருக்கு. ஆளுதான் ஒருத்தரும் இல்ல.”

ஆகவே உங்களுக்குக் கொடுத்த அதிகாரத்தை இதன்மூலம் ரத்து செய்கிறேன். முத்திரையை நாரேயிடம் ஒப்படைத்துவிடுங்கள். புத்தாண்டுக்கு விடுப்புக் கிடைத்தால் நேரில் வந்து விழுந்து வணங்குகிறேன். கிடைக்காவிட்டால், பனியில் உங்கள் ஊர்த் திசை பார்த்து வணங்கியதாக எடுத்துக்கொண்டு, ஆசீர்வாதத்தைத் தபாலில் அனுப்பவும்.

பணிவுள்ள மருமகன்,
கூ பொம்-சோக்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது நாரே மறுபடி அழைத்தாள். நேற்று யோம் மாட்டிறைச்சியும் சோஜு சாராயப் பாட்டில்களுமாக உங்கள் வீட்டுக்கு வந்தாராம். “சின்னப் பையனுக்கு எதுக்குண்ணே கடைத் தொல்லை? நீங்க முத்திரை வச்சாப் போதும்” என்று கடையைக் காலிசெய்யும் தாளை நீட்டினாராம். கிண்ணம் காலியாகக் காலியாக நீங்களும் தலையாட்டிவிட்டீர்களாம். ஆனால் முத்திரையைக் காணோம். பாதுகாப்புக்காக அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கிம்ச்சி டப்பா ஒன்றின் அடியில் புதைத்திருக்கிறீர்கள். எந்த டப்பா என்பது மறந்துவிட்டது. யோமே சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளறப் போனாராம். “வருஷக் கிம்ச்சியில கை வச்சா அந்தக் கை திரும்பி வராது” என்று அத்தை கிம்ச்சி வெட்டும் கத்திரிக்கோலோடு குறுக்கே நின்றாராம். இதைச் சொல்லிச் சிரித்ததும் அத்தைதானாம்.

மாமா, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். அதிகாரம் உங்களிடமே இருக்கட்டும், முத்திரையைத் தேடவே வேண்டாம். லென்ஸும் அங்கேயே இருக்கட்டும். ஆனால் நீங்கள் சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் ஏதோ ஒரு டப்பாவின் அடி நெருங்குகிறது. யோம் நாளையும் வருவார். நான் ஊர் திரும்பும்வரை கிம்ச்சியைத் தொடமாட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். இந்தக் கடிதத்துக்காவது பதில் போடுங்கள்.