கழுத்தறுப்புக்கு வங்காளத்தில் என்ன?

வேலைக்கு விண்ணப்பம் போடும்போது 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லாதவர்கள் யாருமில்லை. நானும் சொன்னேன். ஹிந்தி, பிரெஞ்சு என்று சொல்லியிருந்தால் யாருக்கும் பாதகமில்லை. நான் கூட்டிச் சொன்னது தமிழ். சொந்தத் தாய்மொழி தெரியும் என்று பொய் சொல்லி வேலையில் சேர்ந்த ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்பாவுக்கு ரயில்வே வேலை. நான் பிறந்ததும் வளர்ந்ததும் கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸில். வீட்டில் தமிழ்தான். ஆனால் அது எப்படிப்பட்ட தமிழ் என்பதை யாரும் யோசித்ததில்லை. அம்மா என்னிடம் பேசுவாள், நான் வங்காளம் கலந்து பதில் சொல்வேன். அம்மா பேசியதெல்லாம் கட்டளைகள். குளி, சாப்பிடு, ஃபேனை நிறுத்து, கேஸ் வந்திருக்கான் பார். ஒரு மனிதனை எழுப்பி, குளிப்பாட்டி, சாப்பாடு போட்டு வெளியே அனுப்பும் அளவுக்கு எனக்குத் தமிழ் தெரியும். அதற்கு மேல் தெரியாது. (இந்தக் கட்டுரையை அம்மா படித்துத் திருத்தியிருக்கிறாள். ஆறு இடத்தில்.)

ஜாதவ்பூரில் எம்.ஏ. முடித்து எட்டு மாதம் சும்மா இருந்த சமயம், ஒரு சேனலில் ஆள் தேடினார்கள். பிரபலங்களை ஒரு வீட்டுக்குள் அடைத்து, மூலைக்கு மூலை காமிரா வைத்து, வாராவாரம் மக்கள் ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியே அனுப்புவார்களே, அந்த மாதிரி நிகழ்ச்சி. பெங்காலி. அந்த சீசனில் இருந்த பத்துப் பேரில் ஒருவர் வைதேகி மேடம். பரதநாட்டியக் கலைஞர், ஒரு டி.வி. நடனப் போட்டியில் நடுவர். கும்பகோணத்தில் பிறந்து, கல்யாணமாகி கொல்கத்தாவுக்கு வந்தவர். எல்லோரிடமும் நல்ல வங்காளம் பேசுவார். தனியாக இருக்கும்போது மட்டும் தமிழில் முணுமுணுப்பார். முணுமுணுப்புதானே நிகழ்ச்சிக்கே உயிர். அதை வங்காளத்தில் எழுதிக் கீழே ஓடவிட ஒரு ஆள் வேண்டும்.

நேர்முகத்துக்கு அழைத்தவர் ஷர்மிஷ்டா. அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர், எல்லோருக்கும் ஷர்மிஷ்டா-தி. (இங்கே அக்காவுக்கு 'தி' போட்டால் போதும். அண்ணனுக்கு 'தாதா'.)

"கொஞ்சம் தமிழ் பேசு, கேட்கலாம்" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, நிதானமாகச் சொன்னேன். "தலையை நன்னாத் துவட்டு. ஈரத்தோட வெளியில போகாதே. தயிர் ஃப்ரிட்ஜுல இருக்கு."

"ரொம்ப ஆழமான மொழி" என்றார் ஷர்மிஷ்டா-தி. வேலை கிடைத்தது.

முதல் இரண்டு வாரம் சுகமாகப் போனது. காலை பத்து மணிக்குக் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். வைதேகி மேடம் உட்கார்ந்து எழுந்தால் "அப்பாடா" என்பார். பாத்திரம் தேய்க்கும்போது "கர்மம்" என்பார். இரண்டையும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன். புரியாத வார்த்தை வந்தால் அம்மாவைக் கேட்க வழியில்லை. வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டுக்குள் நடப்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தேன்.

அந்த வீட்டில் பரிமல் காக்கு என்று ஒரு பாடகர் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். மொத்த வங்காளத்துக்கும் அவர் காக்கு, அதாவது சித்தப்பா. அவர் பாட்டைக் கேட்காமல் காலை டீ இறங்காத வீடுகள் உண்டு. ஆனால் அவரிடம் ஒரு கதை இருந்தது. முதல் கச்சேரிக்குப் படகில் போகும்போது ஹார்மோனியம் ஆற்றில் விழுந்த கதை. மதியச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவரை உட்காரவைத்து ஆரம்பிப்பார். படகு கிளம்பவே அரைமணி ஆகும். மற்றவர்கள் எல்லாம் விவரமாக எழுந்துபோகக் கற்றுக்கொண்டார்கள். வைதேகி மேடத்துக்கு மட்டும் பெரியவரை விட்டு எழுந்துபோக மனசு வராது.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை. மேடம் கதை கேட்டு முடித்துச் சமையலறைக்கு வந்தார். பூசணிக்காயை எடுத்து வைத்து வெட்ட ஆரம்பித்தார். வெட்டிக்கொண்டே சொன்னார்:

"தினம் தினம் கழுத்தறுக்கிறார் இந்த மனுஷர். இன்னிக்கும் ரெண்டு மணி நேரம் அறுத்துத் தள்ளிட்டார். யார்கிட்டப் போய்ச் சொல்றது."

எனக்குக் கழுத்து தெரியும். அறுப்பது தெரியும். அம்மா என்னை எத்தனையோ திட்டியிருக்கிறாள், இதை மட்டும் சொன்னதில்லை. (எங்கள் வீட்டில் அதிகம் பேசுகிறவள் அவள்தான் என்பதால், அந்த வார்த்தைக்குத் தேவை ஏற்படவில்லை.) இரண்டு மணி நேரம் ஒருவர் கழுத்தை அறுத்தால் அவர் எப்படிப் பூசணிக்காய் வெட்டுவார் என்று ஒரு கேள்வி வந்தது, நிஜம். அப்படியானால் இது மிரட்டல் என்று நானே முடிவுக்கு வந்தேன். வாக்கியம் அழகாக உட்காரட்டும் என்று கொஞ்சம் செதுக்கவும் செய்தேன். 'இந்த மனிதர் தினமும் என் கழுத்தில் கத்தி வைத்து மிரட்டுகிறார். இன்றும் இரண்டு மணி நேரம். யாரிடம் சொல்லி அழுவேன்?' அந்த 'அழுவேன்' முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு.

ஷர்மிஷ்டா-தி படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நிச்சயமாகத் தெரியுமா?"

"என் தாய்மொழி, தி" என்றேன்.

"அந்த ரெண்டு மணி நேரமும் காமிராவில் இருக்கிறதே. கத்தி எதுவும் தெரியவில்லையே."

"அவர் பார்வையால் மிரட்டுகிறார் போலிருக்கிறது" என்றேன். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை.

மறுநாள் விளம்பரம் ஓடியது. மேடம் கையில் கத்தி, மெதுவாகப் பிளக்கும் பூசணிக்காய், பரிமல் காக்கு புன்னகைக்கும் முகம், கீழே என் வாக்கியம், பின்னணியில் மேளம். மேளச் சத்தத்தில் மேடத்தின் தமிழ் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா அன்றைக்கே என்னைக் காப்பாற்றியிருப்பாள். அவள் வங்காள எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டு, "பாவம், பாக்க சாதுவா இருக்காரே. நெஜமாவே கத்தியக் காட்டினாரா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாது" என்றேன். அடுத்த ரெண்டு நாளும் அந்தப் பெருமையிலேயே நடந்தேன்.

சனிக்கிழமை மதியம், வாரக் கடைசி நிகழ்ச்சிக்கான படப்பிடிப்பு. தொகுப்பாளர் ஒரு சினிமா கதாநாயகன். போட்டியாளர்கள் சோபாவில் வரிசையாக இருந்தார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், ஷர்மிஷ்டா-திக்குப் பின்னால். சமையலறைக் காட்சியை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள்.

பரிமல் காக்குவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நானா? ஒரு மாம்பழம்கூட என் மனைவிதான் நறுக்கித் தருவாள். கேட்டுப் பாருங்கள்" என்றார். கண்ணில் தண்ணீர்.

வைதேகி மேடம் உடனே எழுந்துவிட்டார். "நான் அப்படிச் சொல்லவே இல்லை. எழுதினது தப்பு. தமிழில் கழுத்தறுக்கிறது என்றால்..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நிறுத்திவிட்டார்.

என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதும் தெரியாது. ஆனால் சொல்ல முடியாத அர்த்தம் என்று தெரிந்தது.

"என்றால்?" என்றார் தொகுப்பாளர்.

"கொஞ்சம் விரிவாகப் பேசுவது."

"விரிவாக என்றால்?"

"கேட்கிறவர்களுக்குச் சில சமயம் களைப்பாக இருக்கும்."

பரிமல் காக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "அப்படியானால் நான் கத்தி காட்டவில்லை?"

"இல்லை, தாதா."

"போரடிக்கிறேன்."

அவர் வரிசையாக எல்லோர் முகத்தையும் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் சோபாவில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"கத்தியே இருந்திருக்கலாம்" என்றார் பரிமல் காக்கு.

ஷர்மிஷ்டா-தி என் பக்கம் திரும்பினார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தமிழ் யாரிடம் கற்றுக்கொண்டாய்?"

"அம்மாவிடம்."

"நாளையிலிருந்து அவரை அனுப்பு."

நான் சத்தியமாக இதை ஒரு திட்டு என்றுதான் நினைத்தேன். ஞாயிறு காலை சேனல் கார் வீட்டு வாசலில் நின்றபோதுதான் புரிந்தது. முந்தின இரவே ஷர்மிஷ்டா-தி போன் செய்திருந்தாராம்; அம்மா பட்டுப்புடவை கட்டி, கைப்பையில் சுக்கு மிட்டாய் போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள். அவளுக்கு வங்காளம் எழுத வராது. ஆனால் முப்பது வருஷம் மீன் மார்க்கெட் வழியாகப் போய்க் காய்கறி வாங்கிய வங்காளம். அவள் சொல்லச் சொல்ல டைப் அடிக்க ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள். போகும்போது என்னிடம், "கேஸ் வருவான். இருந்து வாங்கி வை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரம் பரிமல் காக்கு பேசவே இல்லை. சாப்பிட்டார், கும்பிட்டார், படுத்தார். பாடவும் இல்லை. டீக்கடையில் எல்லோரும் வைதேகி மேடத்தைத்தான் திட்டினார்கள். பெரியவரைப் போய் அப்படிச் சொல்லலாமா என்று. இந்த வாரம் மேடம்தான் வெளியே என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. அந்த ஓட்டுகளில் பாதி எனக்கு விழ வேண்டியது என்று எனக்கு மட்டும் தெரியும். மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் மேடம் தானாகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தாதா, ஹார்மோனியத்தை எடுக்க முதலில் தண்ணீரில் குதித்தது யார்? மறந்துவிட்டேன்."

பரிமல் காக்கு ஜன்னலிலிருந்து அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்" என்றார்.

சொன்னார். இரண்டரை மணி நேரம். மேடம் அசையவில்லை. முடிந்ததும் எழுந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, தமிழில் ஏதோ முணுமுணுத்தார். கீழே வங்காளத்தில் ஓடியது: 'மனசு நிறைந்துவிட்டது.' பக்கத்து வீட்டு மாஷிமா (நம் கணக்கில் மாமி) முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று இரவிலிருந்து ஓட்டெல்லாம் வேறு பக்கம் திரும்பியது. மேடம் கடைசி வாரம் வரை அந்த வீட்டில் இருந்தார்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். டி.வி.யில் அந்த இடத்தில் வயலினைப் போட்டு அமுக்கியிருந்தார்கள். "மேடம் நெஜமா என்ன சொன்னா?"

வெளியே சொல்லமாட்டேன் என்று அவளும்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "'செத்தேன்டா சாமி, இடுப்பு விட்டுப் போச்சு'ன்னா" என்றாள்.

"அப்போ நீயும் தப்பாத்தானே போட்டே?"

"நீ தெரியாம தப்பாப் போட்டே. நான் தெரிஞ்சு தப்பாப் போட்டேன்" என்றாள் அம்மா. "ரெண்டும் ஒண்ணா?"

எனக்கு இப்போது அலிப்பூரில் ஒரு அலுவலகத்தில் வேலை. விண்ணப்பத்தில் தமிழ் என்ற இடத்தில் 'சுமார்' என்று எழுதினேன். ஆனால் வீட்டில் இந்த விஷயம் முடியவில்லை. யாராவது வந்து நீளமாகப் பேச ஆரம்பித்தால், அப்பா பேசாமல் கையைத் தூக்கிக் கழுத்தைத் தடவுவார். அம்மாவும் தடவுவாள். அது எங்கள் குடும்பத்துச் சைகை ஆகிவிட்டது. ஊரிலிருந்து வரும் அத்தை, சித்தப்பா பிள்ளைகள் வரைக்கும் பரவிவிட்டது.

நான் மௌஷுமியைக் கல்யாணம் செய்துகொண்டபோது, வரவேற்பில் அவளுடைய பெரிய மாமா மைக்கைப் பிடித்தார். ஓய்வுபெற்ற பேராசிரியர். திருமணம் என்ற வழக்கம் உலகில் எப்படித் தோன்றியது என்பதிலிருந்து ஆரம்பித்தார். கால்மணி கழித்து அப்பாவின் கை கழுத்துக்குப் போனது. பிறகு அம்மா. பிறகு இரண்டாவது வரிசையில் அத்தை, சித்தப்பா, அவர் பிள்ளைகள். முக்கால் மணி நேரம் ஆனபோது, எங்கள் பக்கத்து நாற்காலிகளில் ஒரு கைகூட மடியில் இல்லை.

மாமா பேசி முடித்து நேராக என்னிடம் வந்தார். தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போய், ரொம்ப அக்கறையாகச் சொன்னார்.

"உங்கள் வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கிறது போல. இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் இஞ்சி டீ சொல்லியிருக்கிறேன். வரட்டும், அதுவரை நான் இன்னும் ரெண்டு வார்த்தை பேசுகிறேன்."