முன்னறைக்கு மட்டும் வெப்பம்

பஸ் டிப்போ மேற்பார்வையாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் நெவில் ஹோல்ராய்டு ஒரு பெரிய முடிவு எடுத்தார். இனி அவர் வீட்டில் அவரைக் கேட்காமல் ஒரு டிகிரிகூட ஏறக் கூடாது. முப்பத்து நான்கு வருஷம் பஸ்களை ஆட்டிப் படைத்தவர். ஆட்டிப் படைக்க இப்போது வீட்டைச் சூடாக்கும் பாய்லர்தான் மிச்சம். பாய்லரும், மனைவி லொரெய்னும்.

அந்த வாரமே முன்னறைச் சுவரில் வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் ஒரு புத்திசாலி தெர்மோஸ்டாட் ஏறியது. நெவிலின் போன் சொன்னால் மட்டும்தான் கேட்கும். பிறகு அவர் அறை அறையாகப் போய் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைத் திருகி மூடினார். படுக்கையறை, நடை, பின்னறை எல்லாம் மூடியாயிற்று. முன்னறையில் இருந்தது மட்டும் திறந்திருந்தது. அவருடைய நாற்காலி அங்கேதான் இருந்தது.

பின்னறையில் இருந்தது லொரெய்னின் தையல் மெஷின். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு ஊர் மணப்பெண்களில் பாதிப் பேருடைய கவுன்கள் அங்கேதான் இடுப்புப் பிடித்து, நீளம் குறைத்துப் போகும். ஜனவரி மாதம். ஜன்னலுக்கு உள்பக்கமே பனி பூத்திருந்தது.

"நெவில், விரல் மரத்துப் போகுது. ஊசி குத்தினாக்கூடத் தெரியல."

"ஸ்வெட்டர் போட்டுக்க."

"ரெண்டு போட்டிருக்கேன்."

"அப்புறம் என்ன?"

"ரெண்டையும் விரல்லயா மாட்டிக்கறது?"

"ஆள் இல்லாத அறையைச் சூடாக்கறது முட்டாள்தனம், லொரெய்ன்."

"நான் இருக்கேனே."

"நாள் பூராவுமா?"

"ஒன்பதுலேர்ந்து ஆறு வரைக்கும். பதினோரு வருஷமா."

நெவிலுக்கு இது புதுச் செய்தி.

புதன்கிழமை மத்தியானம் கிளப்பில் டாமினோ ஆடிக்கொண்டிருந்தபோது அவர் போனில் ஒரு வரி வந்தது. 'வீட்டில் யாரும் இல்லை. வெப்பம் குறைக்கப்பட்டது.' அதை மேஜையைச் சுற்றி எல்லாரிடமும் காட்டினார். பேரன் பிறந்தால்கூட அவ்வளவு காட்டியிருக்க மாட்டார்.

திரும்பி வந்தபோது லொரெய்ன் கோட்டும் கம்பளித் தொப்பியுமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளை சாட்டின். அதில் கடுகளவு சிவப்பு. நூலை எச்சிலில் நனைத்து அந்த இடத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள். தன் ரத்தம் தன் எச்சிலுக்குத்தான் போகும் என்பது தையல்காரிகளின் கணக்கு.

"சனிக்கிழமை கல்யாணம்," என்றாள். "இந்தக் கறை போகலைன்னா இந்த ஊருல இனிமே எவளும் என்கிட்ட கவுன் தர மாட்டா. வீட்டுல யாருமில்லைன்னு சுவத்துல எழுதிக் காட்டுதே, அதுகிட்ட யாரு சொன்னா?"

"என் போன் வெளிய போனா, ஆள் வெளிய போயாச்சுன்னு அதுவே புரிஞ்சுக்கும்."

"நான் உள்ளதான இருந்தேன்."

"உன் போன் அதுல இல்லையே."

லொரெய்ன் அதோடு சண்டையை நிறுத்திவிட்டாள். நெவில் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம் ஆகியும் அந்தத் தப்பை அவர் விடவில்லை.

மறுநாள் காலை டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. உன் பாய்லரை நினைச்சாத்தான் பாவமா இருக்கு."

"அதுக்கென்ன?"

"ஒரு மணி நேரத்துல பதினாலு தடவை பத்தி அணையுது. என் அறை அலமாரிக்குள்ளதான இருக்கு, எண்ணிட்டேன். இப்படியே போனா மாசக் கடைசிக்குத் தாங்குமா?"

"பதினாலா?"

"நேத்து பதினாறு."

நெவில் டீயைக் கீழே வைத்தார். "யாரையாவது கூப்பிடு," என்றார்.

வந்தவர் கேரத். பாய்லர் பழுது பார்ப்பவர், சனிக்கிழமை மணப்பெண்ணுக்கு அப்பா. நெவிலுக்கு முதல் விஷயம் மட்டும்தான் தெரியும்.

"எல்லா ரேடியேட்டரையும் யாருங்க மூடினது?"

"சிக்கனம்," என்றார் நெவில்.

"இவ்ளோ பெரிய பாய்லர். சூட்டை இறக்க ஒரே ஒரு இடம். ரெண்டு நிமிஷத்துல தண்ணி உச்சத்துக்குப் போகுது, அணையுது. ஆறினதும் திரும்பப் பத்துது. ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு இஞ்சினை அணைச்சு அணைச்சு பஸ் ஓட்ட விடுவீங்களா?"

"விட்டதே இல்லை."

"அப்ப எல்லாத்தையும் திறங்க. தண்ணிச் சூட்டைக் குறைச்சு, மெதுவா நாள் பூரா ஓட விடுங்க."

லொரெய்ன் இதை முதல் நாளே சொல்லியிருந்தாள். ஆனால் அவளிடம் கருவிப்பெட்டி இல்லை.

"இன்னொண்ணு. நீங்க வெளிய போறப்பெல்லாம் அது படுத்துட்டு, வந்ததும் மூச்சுப் பிடிச்சு எழுந்திருக்குது. அதுவும் கெடுதல். வீட்டுல அதிகம் இருக்கறது யாரு?"

நெவில் கொஞ்சம் யோசித்தார். "அவதான்."

"அப்ப தெர்மோஸ்டாட்டை அவங்க பேருக்கு மாத்துங்க."

லொரெய்ன் பின்வாங்கினாள். "எனக்கு அதெல்லாம் வராதுப்பா. நெவில் மாதிரி யாருக்கு வரும்?"

அப்படிக் கேட்டால் நெவில் சொல்லித்தராமல் இருப்பாரா? தன் பெயரைத் தானே அழித்தார். உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயரைத் தன் விரலாலேயே போட்டார்.

"இப்ப என்னைத் திரும்பச் சேர்த்துக்கணும். இதை அமுக்கு."

"இதுவா?"

"அது இல்ல, கீழ."

"இதுவா? ரெண்டு விதமாச் சேர்க்கலாம்னு கேக்குதே."

"எதையாவது அமுக்கு லொரெய்ன், பயப்படாத."

அவள் பயப்படாமல் அமுக்கினாள். கேரத் சட்டென்று குனிந்து பெட்டியை மூட ஆரம்பித்தார்.

சாயங்காலத்துக்குள் வீடு முழுக்க இருபத்தோரு டிகிரி. பின்னறையில் தையல் மெஷின் குதிரைபோல ஓடியது. நெவில் நாற்காலியில் சாய்ந்து, போனை எடுத்து, பதினெட்டுக்கு இறக்கினார். இறங்கவில்லை. இன்னொரு முறை அமுக்கினார். மூன்றாம் முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

'விருந்தினர்கள் வெப்பத்தை மாற்ற இயலாது. வீட்டு உரிமையாளரிடம் கேட்கவும்.'